வெப்பப் பம்பியை முதன்முதல் இயக்கும் நாள்

அடுப்பில்லை, விறகில்லை, எண்ணெயில்லை, புகையுமில்லை. வெளியே பனி முழங்காலளவு குவிந்து கிடக்கின்றது. ஆயினும் வீட்டினுள்ளே மெல்லிய சட்டையுடன் அமர்ந்து தேநீர் அருந்தலாம். நோர்வேயிலும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இவ்விந்தையை நிகழ்த்துவது வெப்பப் பம்பி என்னும் பொறியாகும். நோர்வே நாட்டில் வீடுகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் இஃது இன்று இடம்பெற்றுள்ளது. எண்ணெயும் நிலவாயுவும் எரிப்பதைக் குறைக்க விரும்பும் அரசாங்கங்கள் ஏனைய நாடுகளிலும் இதனை ஊக்குவித்து வருகின்றன.

இப்பொறியைப் பற்றி இலங்கையிலிருக்கும் நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என நேயர்கள் வினவலாம். காரணம் எளியது. அந்நாடுகளில் மக்களும் மருமக்களும் வேலைக்குச் சென்றபின், ஊரிலிருந்து போய்த் தங்கியிருக்கும் தாய் தந்தையரே பகலெல்லாம் வீட்டிலிருப்பவர். "அப்பா, இண்டைக்கு ஹீற் பம்ப் பூட்ட ஆக்கள் வருவினம், ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு மகன் புறப்பட்டுவிடுவான். வந்தவர்கள் சுவரிற் துளையிடுவர், குழாய் பூட்டுவர், ஆளியைப் போடுவர், ஈற்றில் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்பர். ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியுள்ள பொறி செவ்வனே பூட்டப்பட்டது என்பதற்கு அக்கையொப்பமே சான்றாகிவிடும். எதனைப் பார்க்கவேண்டும் என்பதை அறியாமற் பார்த்துக்கொண்டிருப்பதில் யாது பயன்? இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படுக்கையறைச் சுவரிற் பூட்டப்படும் குளிரூட்டி இப்பொறியின் உடன்பிறப்பாகும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பம்பி என்னும் பெயர் மிகப் பொருத்தமானதே. நம் முன்னோர் துலா மிதித்து இறைத்த நீரை இன்று பம்பி இறைக்கின்றது. பம்பி நீரை உண்டாக்குவதில்லை, தாழ்ந்த இடத்திலிருக்கும் நீரை உயர்ந்த இடத்துக்கு ஏற்றுகின்றது, அவ்வளவே. வெப்பமும் நீரைப் போன்றதே. தன்னியல்பாய் அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே ஓடும். அதனைக் குளிர்ந்த வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் ஏற்றவேண்டுமாயின் வேலை செய்தாக வேண்டும்.

குளிர்ந்த வளியில் வெப்பம் ஏது என்று மாணவர் கேட்பர். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸ் எனும் குளிரும் தனிப்பூச்சியத்திலிருந்து நோக்கின் 263 பாகை உயரத்தில் இருக்கின்றது. பொறியினுட் சுற்றியோடும் பாய்மம் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் கொதிக்கும் இயல்புடையது. இதனைத் தொழிலாளர் 'காஸ்' என்றே வழங்குவர். நாமும் அவ்வாறே கூறுவோம். இன்று பெரிதும் பயன்படும் ஆர் 32 என்னும் காஸ், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 52 பாகையிலே கொதித்துவிடும். நமக்கு விறைப்பூட்டும் பனிக்காற்று அதற்கு அடுப்பு நெருப்பேயாகும். வெளிப்பெட்டியில் அது கொதித்து ஆவியாகும்போது வெளிவளியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. பின்னர் 'கொம்பிறெசர்' எனப்படும் அமுக்கி அவ்வாவியை நெருக்கிச் சூடேற்றுகின்றது. உட்பெட்டியில் அது மீண்டும் திரவமாகித் தான் சுமந்த வெப்பத்தை இறக்கிவைக்கின்றது. ஒடுங்கிய ஒரு வால்வினூடாகச் சென்று அமுக்கம் குறைந்து குளிர்ந்து, மறுபடியும் வெளிப்பெட்டிக்குத் திரும்புகின்றது. காஸ் ஓடும் திசையை மாற்றுவதற்கென வேறொரு வால்வும் உண்டு. அதனாற் கோடையில் இதே பொறி வீட்டின் வெப்பத்தை வெளியே இறைத்துத் தள்ளும்.

இங்ஙனம் ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று அலகு, சில வேளைகளில் நான்கு அலகு வெப்பம் பெறலாம். மின்சார அடுப்போ ஓர் அலகுக்கு ஓர் அலகுதான் தரும். இக்கருத்து புதியதன்று. பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில் வெப்பப் பொறிகளின் அடிப்படையை வகுத்தார். பிற்காலத்திற் கெல்வின் பிரபு ஆகிய வில்லியம் தொம்சன் 1852இல் இவ்வாறு கட்டடங்களைச் சூடாக்கலாம் எனக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் ஒஸ்திரியாவில் இரிற்றிங்கர் என்பார் உப்புநீரை வற்றச்செய்வதற்கு இம்முறையைக் கையாண்டார். சூரிக் நகரத்தின் நகரசபை மண்டபத்தில் 1938இல் ஆற்று நீரிலிருந்து வெப்பம் இறைக்கும் பம்பி ஒன்று அமைக்கப்பட்டது. அப்பொறி 2001ஆம் ஆண்டில் மாற்றப்படும் வரை 63 ஆண்டுகள் உழைத்தது.

இன்று வீடுகளிற் பூட்டப்படும் பம்பிகள் பொதுவாக 15 அல்லது 20 ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. எனினும் நான்கைந்து ஆண்டுகளில் அமுக்கி எரிந்துபோனது என்று கேள்விப்படுகிறோம். பொறியைச் செய்தவரைக் குறைகூறுவது வழக்கம். ஆனால் இப்பொறியின் ஒரு பகுதிதான் தொழிற்சாலையிற் செய்யப்படுகின்றது. எஞ்சிய பகுதி உங்கள் வீட்டு வாசலிற் செய்யப்படுகின்றது. உட்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் செப்புக் குழாயால் இணைத்துக் காஸ் ஓடும் வட்டத்தை மூடுகிறவர் அன்று வந்த பொறிவினைஞரே. அவ்வட்டத்தினுள் வளியோ ஈரமோ தூசியோ புகுந்துவிடின் அன்றே நோய் தொடங்கிவிடும். வெளியே தெரிவதற்குத்தான் ஆண்டுகள் செல்லும்.

கசிவும் ஈரமும்

ஆகவே ஆளியைப் போடுமுன் நிகழவேண்டியவை எவை எனப் பார்ப்போம். இவை யாவும் பயிற்சியும் அனுமதியும் பெற்ற பொறிவினைஞர் செய்யும் வேலைகள். வீட்டார் மூடியைத் திறக்கவோ கைவைக்கவோ வேண்டா. பார்க்கலாம், கேட்கலாம்.

முதலாவது, குழாயிற் கசிவு உண்டோ என்ற சோதனை. இயங்கும்போது இக்குழாய்களினுள் வளிமண்டல அமுக்கத்தைப் போல 25 முதல் 30 மடங்கு அமுக்கம் இருக்கக்கூடும். மோட்டார் வண்டியின் சில்லிலே நாம் அடிக்கும் காற்று இரண்டு மடங்களவே என்பதை நோக்கின் இதன் வன்மை புலப்படும். உலர்ந்த நைதரசன் வாயுவைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு ஏற்றி, மூட்டுகளிற் சவர்க்கார நுரையைத் தடவி, அமுக்கமானியின் முள் இறங்காது நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். நைதரசன் கிடைக்கவில்லை என்று ஒட்சிசன் உருளையைக் கொண்டுவந்து பூட்டுகிறவர் எவராயினும் அவரை உடனே தடுத்துவிடல் வேண்டும். அமுக்கத்திலுள்ள ஒட்சிசனும் அமுக்கியின் எண்ணெயும் கலந்தால் வெடிக்கும். உயிர்ச்சேதம் விளைவித்த தவறு இது.

இரண்டாவது, வெற்றிடமாக்கல். நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது இதனையே. அவசரத்திற் பெரும்பாலும் குறைக்கப்படும் வேலையும் இதுவே. நைதரசனை வெளியேற்றியபின் ஒரு வெற்றிடப் பம்பியைப் பூட்டிக் குழாயினுள்ளிருக்கும் வளியையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கின்றனர். வளி எடுபடுவது எவர்க்கும் விளங்கும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நீர்த்துளி எங்ஙனம் எடுபடும்? கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவர் கண்ட பரிசோதனையை நினைவுகூர்க. குடுவையில் நீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, வாயை இறுக அடைத்துத் தலைகீழாகப் பிடித்து மேலே குளிர்நீரை ஊற்றினால், ஆறிக்கொண்டிருந்த நீர் மறுபடியுங் கொதிக்கின்றது. உள்ளே ஆவி ஒடுங்கி அமுக்கம் குறைவதே காரணம். வளிமண்டல அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம். அதனை ஏறத்தாழ 32 மில்லிமீற்றருக்குக் குறைத்தால் நீர் 30 பாகையிலேயே கொதிக்கும்; 4.6 மில்லிமீற்றருக்குக் குறைத்தாற் பூச்சியப் பாகையிலேயே கொதிக்கும். நல்ல பொறிவினைஞர் 0.5 மில்லிமீற்றர் வரை, அதாவது தொழிலாளர் வழக்கில் 500 மைக்குரோன் வரை, இறக்குவர். அந்நிலையில் ஈரம் நிற்க இடமில்லை.

ஆனால் ஈரம் ஆவியாவதற்கு வெப்பமும் வேண்டும், காலமும் வேண்டும். பனிக்காலத்தில் இன்னும் நேரஞ் செல்லும். ஐந்து நிமிடத்தில் வெற்றிடப் பம்பியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கிறவரைக் கண்டால், மானியிலுள்ள எண்ணைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அதன் பின்னும் ஒரு படி உண்டு. பம்பியை நிறுத்தி வால்வை அடைத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருத்தல் வேண்டும். எண் அசையாது நின்றால் நன்று. சிறிது ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் எஞ்சியிருக்கின்றது. நில்லாமல் ஏறிக்கொண்டே போனாற் கசிவு இருக்கின்றது. சோதிடர் கூறமுடியாததை இம்மானி பத்து நிமிடத்திற் கூறிவிடும்.

சிறிதளவு ஈரத்தாற் கேடென்ன என்று எண்ணற்க. இக்காலப் பொறிகளில் இடும் எண்ணெய் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சுவது. ஈரத்தோடு சேர்ந்து அது காலப்போக்கில் அமிலமாகும். அமுக்கியின் உள்ளே சுற்றப்பட்ட மின்கம்பியின் மெல்லிய பூச்சை அவ்வமிலம் அரிக்கும். நான்காம் ஆண்டில் எரிந்த அமுக்கியின் கதை இவ்வாறு முதல் நாளிலேயே தொடங்கியதாக இருக்கலாம்.

வெற்றிடம் நிலைத்தது கண்ட பின்னரே வெளிப்பெட்டியிலுள்ள இரு வால்வுகளையும் முற்றாகத் திறந்து காஸை உள்ளே விடல் வேண்டும். வால்வைத் திறக்க மறந்து பொறியை ஓட்டிவிடுவதும் உண்டு. அமுக்கிக்கு அதைவிடத் தீங்கு வேறில்லை. குழாய் வழக்கத்தினும் நீளமாயின் மேலதிகக் காஸ் ஏற்றவேண்டியிருக்கும். அதனைத் தராசில் நிறுத்தே ஏற்றுவர். கையால் தொட்டுப் பார்த்துக் 'குளிராயிருக்கு, போதும்' என்று நிறுத்துவது முறையன்று.

மின்சாரமும் நீரும்

மின் இணைப்புகளைச் சோதிக்குமுன் வெளிப்பெட்டியின் அருகிலுள்ள ஆளியையும் வீட்டினுள்ளிருக்கும் சுற்றுடைப்பானையும் நிறுத்தி, மின் இல்லை என்பதை மானியால் உறுதிசெய்தல் வேண்டும். ஆளியை நிறுத்தியவுடன் ஆபத்து நீங்கிவிட்டதென்று கருதலாகாது. உள்ளேயிருக்கும் கொள்ளளவிகள் மின்னேற்றத்தைச் சில நிமிடங்கள் தம்மிடம் வைத்திருக்கும். மூடியிலே எத்தனை நிமிடம் பொறுக்கவேண்டும் என அச்சிட்டிருப்பர். பின்னர் ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். வண்டியிற் குலுங்கி வந்த பெட்டியில் தளர்ந்த திருகாணி ஒன்று இருப்பது புதுமையன்று. தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் கருகும். சுற்றுடைப்பானின் அளவு பொறியின் தட்டிற் குறித்த அளவோடு பொருந்துகிறதா, புவித்தொடுப்புக் கம்பி உண்மையிலே தொடுக்கப்பட்டிருக்கிறதா என்பனவும் பார்க்கத்தக்கவை.

சில வீடுகளில் வெப்பப் பம்பி வளியைச் சூடாக்குவதில்லை. நீரைச் சூடாக்கித் தரையினுள்ளே பதித்த குழாய்களில் ஓடவிடும். அத்தகைய வீட்டில் நீர்க்குழாய்களை முதலிற் கழுவி, நிரப்பி, அடைபட்ட வளியை மேலிருந்து வெளியேற்றி, வடிகட்டியைத் துப்புரவாக்கி, அமுக்கமானி ஒன்று முதல் ஒன்றரை 'பார்' வரை காட்டும்படி செய்வர். நீர் நிரம்புமுன் துணைச் சூடேற்றியைப் போட்டுவிட்டால் அது நீரின்றி எரிந்து பாழாகும். பாதுகாப்பு வால்வின் குழாய் ஒருவர் மேலுந் தெறிக்காதபடி கீழ்நோக்கி அமைந்திருக்கிறதா என்பதைத் தாத்தாவும் பார்க்கலாம், பேரனும் பார்க்கலாம்.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்க்கு ஒன்று. வெளியே பூச்சியப் பாகையும் குழாய் நீர் 35 பாகையும் ஆயின், கார்னோவின் விதிப்படி ஒரு மின்னலகுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச வெப்பம் 308ஐ 35ஆற் பிரிக்க வருவது, ஏறத்தாழ 8.8 அலகு. நீரை 55 பாகைக்குச் சூடாக்க விரும்பினால் 328ஐ 55ஆற் பிரிக்கவேண்டும், 6 அலகுதான். உண்மைப் பொறிகள் இவ்வுச்சத்தில் ஏறக்குறைய அரைப்பங்கையே எட்டும். ஆகவே வீடு இதமாயிருக்கப் போதுமான அளவில் நீரின் சூட்டைத் தாழ்த்தி வைக்கச் சொல்வது மாதந்தோறும் மின்கட்டணத்தைக் குறைக்கும். குளிப்பதற்கான நீர்த்தொட்டி மட்டும் வேறு. வெதுவெதுப்பான நீரில் நோய்க்கிருமி வளருமாதலால், அத்தொட்டியைக் குறித்த கால இடைவெளியில் 60 பாகைக்குச் சூடாக்கும் ஏற்பாடு உண்டா எனக் கேட்டறிதல் வேண்டும்.

பொறுமையின் இருபத்துநான்கு மணி

எல்லாஞ் சரி; இனி ஆளியைப் போடலாமா? குளிர்காலமாயின் பொறுக்கவேண்டும். குளிர்ந்து கிடக்கும் அமுக்கியின் அடியிலுள்ள எண்ணெயிற் காஸ் கரைந்துபோயிருக்கும். அந்நிலையிற் திடீரென இயக்கினால், குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தது போல எண்ணெய் நுரைத்துப் பொங்கிக் குழாய்வழியே ஓடிவிடும். அமுக்கி எண்ணெயின்றி உராயும். இதனைத் தடுப்பதற்கு அமுக்கியின் அடியில் ஒரு சிறு சூடேற்றி அமைந்திருக்கும். மின்சாரத்தைக் கொடுத்துப் பொறியை இயக்காமல், தயாரிப்பாளர் கூறியபடி 12 மணியோ 24 மணியோ எண்ணெயைச் சூடாக விட்டுவிடல் வேண்டும். பூட்டிய அன்றே ஓட்டிக் காட்டிக் காசும் வாங்கிக்கொண்டு போக விரும்புகிறவருக்கு இது கசப்பாயிருக்கும். "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

இயக்கும் வேளையில் ஆளியைப் போட்டதும் ஓசையொன்றும் எழாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை பொறி தானே தாமதிக்கும்; அமுக்கியைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பழுதென்று எண்ணி ஆளியைப் போட்டும் நிறுத்தியும் விளையாடலாகாது. பின்னர் மெல்ல இரைச்சல் தொடங்கும். பெரிய கட்டடங்களில் மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடும் பொறியாயின், கம்பிகள் இடம் மாறியிருந்தால் அமுக்கி எதிர்த்திசையிற் சுழன்று கடகடவென்று சத்தமிடும். உடனே நிறுத்தி இரு கம்பிகளை மாற்றுவர். கால் மணி நேரம் ஓடி நிலைபெற்ற பின்னரே அளவுகள் எடுத்தல் வேண்டும். உட்செல்லும் வளியின் வெப்பநிலை, வெளிவரும் வளியின் வெப்பநிலை, இழுக்கும் மின்னோட்டம், காஸின் அமுக்கம் என்பன குறிக்கப்படும். குளிரூட்டும் நிலையில் உட்செல்லும் வளிக்கும் வெளிவரும் வளிக்குமிடையே ஏறத்தாழ 8 முதல் 12 பாகை வேறுபாடு இருக்கும். சூடாக்கல், குளிராக்கல் ஆகிய இரு நிலைகளையும் ஓட்டிப் பார்த்தாலே திசைமாற்றும் வால்வு வேலை செய்வது உறுதியாகும். குளிராக்கும்போது உட்பெட்டியில் நீர் வடியுமாதலால், ஒரு பாத்திரம் நீரை அதன் தட்டில் ஊற்றி, அது தங்காமல் வெளியே ஓடுகிறதா என்றும் பார்க்கலாம். இச்சிறு சோதனையைத் தவிர்த்தமையாற் சுவரெல்லாம் ஊறிப்போன வீடுகள் உண்டு.

வீட்டிலிருக்கும் முதியோர் அஞ்சக்கூடிய காட்சி ஒன்றை இங்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். கடுங்குளிரில் வெளிப்பெட்டியின் தகடுகளிற் பனி படியும். அதனை உருக்குவதற்குப் பொறி சிறிது நேரம் தன் திசையை மாற்றிக்கொள்ளும். அப்பொழுது விசிறி நின்றுவிடும். 'உஸ்' என்ற ஓசை எழும். பெட்டியிலிருந்து வெண்மையான ஆவி குபுகுபுவென்று கிளம்பும். இது புகையன்று, உருகிய பனியின் ஆவியே. சில நிமிடத்தில் அடங்கிப் பொறி பழையபடி ஓடும். தீயணைப்புப் படையை அழைக்க வேண்டுவதில்லை. ஆனால் உருகி ஓடிய நீர் நடைபாதையில் மறுபடி உறைந்து கண்ணாடிபோலாகும்; அதில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கிற் படுக்கைதான். ஆகவே வெளிப்பெட்டியை வாயிற்படிக்கு அருகில் வைக்க விடாதீர்கள். பனிக்குவியலுக்கு மேலே நிற்கும்படி உயர்ந்த தாங்கியில் அது அமைந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கவும்.

அஞ்சவேண்டியவை வேறு. கம்பி கருகும் மணம் வந்தால் நிறுத்திவிடவேண்டும். சுற்றுடைப்பான் விழுந்தால் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட்டுப் பொறிவினைஞரை அழைக்கவேண்டும். மீண்டும் மீண்டும் தூக்குவது நெருப்பை வலிந்தழைப்பதாகும். காஸ் திரவமாய்க் கையிற் பட்டாற் தோல் உறைந்து புண்ணாகும். இக்காலத்திற் சில பொறிகளில் ஆர் 290 என்னும் புரொப்பேன் வாயுவே காஸாக இடப்படுகின்றது. சுற்றுச்சூழலுக்கு மிக நன்று. எனினும் நம் சமையலறை வாயுவைப் போல எளிதில் தீப்பற்றக்கூடியது. வளியினும் பாரமானதாகையால் தாழ்ந்த இடங்களிற் தேங்கும். நிலவறையின் யன்னலுக்கோ வடிகாலின் வாய்க்கோ அருகில் அத்தகைய பெட்டியை வைக்கக்கூடாது. தயாரிப்பாளர் குறித்த தூரத்தைப் பொறிவினைஞரைக்கொண்டு அளந்து காட்டச் செய்க. கசிவென்று ஐயுற்றால் அவ்விடத்தில் ஆளியைத் தொடாமலும் தீக்குச்சி கிழியாமலும் எல்லோரும் விலகி நின்று உதவி கோரல் வேண்டும். ஆர் 32உம் தீப்பற்றக்கூடியதே. ஆனால் அத்துணை எளிதில் அன்று.

நம் வீட்டுக் குளிரூட்டி

மேலே கூறியவற்றுட் பனியையும் உறைபனியையும் நீக்கிவிட்டால் எஞ்சியவை நம் நாட்டுக் குளிரூட்டிக்கும் பொருந்தும். கசிவுச் சோதனை, வெற்றிடம், தராசு, நீர்வடிகால், புவித்தொடுப்பு யாவும் அவையே. ஈரவளி நிறைந்த நம் தீவிற் குழாயின் வாயைத் திறந்து வைத்த ஒரு மணி நேரத்தில் உட்புகும் ஈரம் குளிர்நாட்டினும் அதிகம். ஆகவே வெற்றிடமாக்கல் இங்கு இன்னும் இன்றியமையாதது. வெற்றிடப் பம்பியே கொண்டுவராமல், சிறிது காஸைத் திறந்துவிட்டு வளியைத் தள்ளி வெளியேற்றும் குறுக்கு வழியொன்று உண்டு. அது வளியின் பெரும்பகுதியைப் போக்கும், ஈரத்தைப் போக்காது.

'வருடாவருடம் காஸ் அடிக்க வேண்டும்' என்று நம்மவர் நம்பிவருவதையும் இங்கு மறுத்தாக வேண்டும். காஸ் எரிபொருளன்று, மூடிய வட்டத்திற் சுற்றிக்கொண்டேயிருப்பது. குறைந்ததாயின் எங்கோ கசிகின்றது. கசிவை அடையாமற் காஸை மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்துக்கு நீர் வார்ப்பதாகும். அக்காஸ் வளிமண்டலத்தையும் வெப்பமாக்கும். வீடு மாறும்போது பொறியைக் கழற்றுவதில் இன்னுமோர் ஆபத்து உண்டு. காஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைக்கும்போது குழாயைத் திறந்து வளியையும் இழுக்க விட்டுவிட்டால், வளியும் எண்ணெயும் அமுக்கத்தில் தீப்பற்றி அமுக்கி வெடித்துவிடும். இத்தகைய விபத்துகள் வெளிநாடுகளில் நிகழ்ந்திருக்கின்றன. உறவினர் பையன் ஒருவனைக்கொண்டு கழற்றுவிப்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் இதே குலத்ததே. லொறியிற் சாய்த்துக் கொண்டுவந்த பெட்டியை இறக்கியவுடன் மின்னிற் தொடுக்காமல், நேராக நிறுத்திச் சில மணி நேரம் விட்டால் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பும்.

இனிக் கையொப்பத்துக்கு வருவோம். நீட்டப்படும் தாளில் மேற்கூறிய அளவுகள் எண்களாக நிரப்பப்பட்டிருக்க வேண்டும். வெற்றிடம் எத்தனை மைக்குரோன், எத்தனை நிமிடம் நின்றது, மேலதிகமாக ஏற்றிய காஸ் எத்தனை கிராம், மின்னழுத்தம், மின்னோட்டம், உள்வளி வெளிவளி வெப்பநிலைகள், திகதி ஆகியன இருத்தல் முறை. 'எல்லாம் சரி' என்று சரியடையாளம் மட்டும் இட்ட தாள் பிற்காலத்தில் உத்தரவாதம் கேட்கும்போது உதவாது. ஆங்கிலமோ நோர்வேயிய மொழியோ தெரியாத பெற்றோர், எண்கள் எழுதவேண்டிய கட்டங்கள் வெறுமையாயிருந்தால் விரலாற் சுட்டிக் காட்டினாலே போதும்; அல்லது மகனைத் தொலைபேசியில் அழைத்து அவனோடு பேசச் செய்யலாம். தாளின் ஒரு பிரதியைப் பொறியின் கைந்நூலுடன் சேர்த்து வைத்துவிட்டு, முதல் வாரத்தில் நாடோறும் வெளியே எத்தனை பாகை, உள்ளே எத்தனை பாகை, மின்மானி எத்தனை அலகு ஓடியது என்பதை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிவரும்படி பேரப்பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். அடுத்த பனிக்காலத்தில் அதே குளிருள்ள நாளொன்றில் மின்மானி கூடுதலாக ஓடினால், பொறிவினைஞரை அழைக்கும்போது அந்நாட்குறிப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளவும்.